சிவப்பும் பொன்னும் ஒரே பெட்டியில்

பேரிகையில் திம்மராயன் வீடு எது என்று கேட்டால், எந்தத் திம்மராயன் என்று திருப்பிக் கேட்பார்கள். தும்பிக்காரர் வீடு என்றால் போதும், வாசல்வரை கூடவே வந்து விட்டுப் போவார்கள். ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்த முனிலட்சுமியையும் அப்படித்தான் கொண்டு வந்து விட்டார்கள். அவள் கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு வெள்ளைச் சேலை, ஒரு ரப்பர் விரிப்பு, நோயாளிக்குக் கஞ்சி ஊட்டுகிற மூக்குவைத்த பீங்கான் கோப்பை. மிஷன் ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழகி, பிரசவ வார்டிலும் ஆண்கள் வார்டிலும் பல காலம் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியிலிருந்து ஊர் ஊராகப் போய் வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

திம்மராயனுக்கு வலது கையும் காலும் விழுந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. முனிலட்சுமி அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முதுகைப் பார்த்தாள். இடுப்பெலும்பு மேட்டில் தோல் சிவந்து கன்றியிருந்தது.

"யாருங்க இவரை மல்லாக்கவே போட்டு வெச்சிருந்தது?"

"நாந்தாம்மா. திருப்பினா கத்தறாரு" என்றாள் அவருடைய மனைவி வெங்கடம்மாள்.

"கத்தட்டும். புண்ணு வந்தா இதைவிடக் கத்துவாரு. அந்தத் தலகாணியை இப்படிக் கொடுங்க அக்கா."

திருப்பிப் போட்டு, முதுகுக்கும் முழங்காலுக்கும் அண்டை கொடுத்து, குதிகாலுக்கு அடியில் பஞ்சு வைத்துக் கட்டிய பிறகுதான் நோயாளியோடு பேச உட்கார்ந்தாள்.

"எப்படீங்க இருக்குது உடம்பு?"

"ஆகட்டும்" என்றார் திம்மராயன்.

"தண்ணி வேணுங்களா?"

"ஆகட்டும்."

"வேண்டாங்களா?"

"ஆகட்டும்."

"நான் போயி உங்க கெணத்துல குதிக்கட்டுங்களா?"

"ஆகட்டும்" என்று தலையையும் ஆட்டினார். வெங்கடம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு எல்லாப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் நாக்கில் மிச்சம் நின்றுவிடும். முனிலட்சுமி வார்டில் பார்த்திருக்கிறாள். ஒருவருக்குச் சாமி பேர் நிற்கும், ஒருவருக்குக் கெட்ட வார்த்தை நிற்கும். இவருக்கு நின்றது 'ஆகட்டும்'. காரணம் தேட வேண்டியதில்லை. முப்பது வருஷம் அதிகாரிகளிடம் இவர் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

மீசை அரும்புகிற வயதில் பெங்களூருக்குப் போனவர். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் வேலை கிடைத்தது. அங்கே பூச்சிகளைப் பார்க்கும் பிரிவில் வலை பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டபோது இவரைக் கூப்பிட்டார்கள். ஓடுகிற காலும் நிதானமான கையும் இருந்ததால் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் சேர்த்தது தும்பி, அதாவது தட்டான். அது வெயிலில்தான் பறக்கும், நீர்க்கரையில்தான் சுற்றும். குடகு, மலைநாடு, நீலகிரி என்று முழங்கால் சேற்றில் நின்று பிடித்தார். பிடித்ததை ஊசியில் குத்தி, றெக்கையை விரித்துக் காயவைத்து, குடும்பம் குடும்பமாக, இனம் இனமாகப் பெட்டியில் அடுக்கப் பழகினார். வெங்கடம்மாளைக் கட்டியது இடையில். கேழ்வரகு அறுப்புக்கும் மாரம்மன் பண்டிகைக்கும் வருவார், போவார். பிள்ளை இல்லை. ஓய்வு பெற்றுத் தம்பி சென்னப்பன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது துணிமணி ஒரு மூட்டைதான் இருந்தது. தக்கை பதித்த மரப்பெட்டிகள் ஒரு வண்டி இருந்தன. வந்த பிறகும் பேரிகை ஏரிக்கரையில் வலையோடு சுற்றினார். அறுபது வயதாளி தும்பிக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்து ஊர் சிரித்தது. அவர் பாட்டுக்கு ஓடினார், ஏரிக்கரையிலேயே ஒருநாள் விழுந்தார்.

இப்போது வீட்டில் இரண்டு தொல்லை. ஒன்று, சென்னப்பனின் மகள் சாந்தம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். இன்னொன்று, பொழுது சாயும் நேரமானால் திம்மராயன் இடது கையைத் தூக்கி மேலே காட்டி, "ஆகட்டும், ஆகட்டும்!" என்று வீடு அதிரக் கத்தினார். சாப்பாடு கொடுத்தால் தட்டை வீசினார். ஒருநாள் அந்தத் தட்டு சாந்தம்மாவின் காலடியில் போய் விழுந்தது. அவள் பயந்து வீறிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேல போகணுங்கறாரும்மா" என்று சென்னப்பன் முனிலட்சுமியிடம் சொன்னார். "கையை எங்க காட்டறாரு பாரு. சாமிகிட்டப் போறேங்கறாரு. தாங்கலம்மா எனக்கு. பக்கவாதம் மட்டும்னா வெச்சுப் பாத்துக்குவேன், என் அண்ணன்தானே. புத்தியும் போயிட்டா? நாளைக்கு வேற எதையாச்சும் தூக்கி அடிச்சா? பெங்களூருல பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்குது. அங்க கொண்டு போயி விட்டுடறதுதான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ கொஞ்ச நாள் கூட இருந்து பாரு. தெளியுமா தெளியாதான்னு நீ சொல்றதுதான். அதை வெச்சு நான் முடிவு பண்ணிக்கறேன்."

சென்னப்பன் கெட்டவர் இல்லை. மாடும் நிலமும் பார்க்கிறவர், குரலே அப்படி. ஆனால் முடிவு செய்துவிட்டால் செய்கிறவர்.

அன்று சாயங்காலம் திம்மராயன் கத்தியபோது முனிலட்சுமி அவர் கையைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள். சாகப்போகிறவன் பார்க்கிற பார்வை அவளுக்குத் தெரியும். அது எங்கும் நிற்காது. இவர் கண் ஒரே இடத்தில், பரணின் மூலையில் குத்திட்டு நின்றது.

"பரண்மேல என்னங்க அக்கா இருக்குது?"

"அவரு பூச்சிப் பெட்டிங்கதான். அந்துருண்டை நாத்தம் சாந்தம்மாவுக்குக் குமட்டுதுன்னு, உருண்டையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டுச் சென்னப்பன் மேல ஏத்திட்டாரு."

முனிலட்சுமி ஏணி வைத்து ஏறினாள். சுவரில் சிற்றெறும்பு வரிசை ஒன்று பரணுக்குள் போய்க்கொண்டிருந்தது. படுத்திருக்கிற மனிதருக்கு அது நன்றாகத் தெரியும். மாலை வெயில் அந்தச் சுவரில் விழும்போது இன்னும் தெரியும். ஒரு பெட்டியைத் திறந்தாள். பாதித் தும்பிகளுக்கு உடம்பு இல்லை. ஊசிக்கு அடியில் றெக்கை மட்டும் உதிர்ந்து கிடந்தது.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல" என்று மேலிருந்தே சொன்னாள். "எறும்பு."

மறுநாள் சந்தையில் கௌஸ் பாஷாவின் கடைக்குப் போனாள். சந்தை முழுக்க ஒரே பேச்சு, ராஜ்ஜியங்களைப் பிரிக்கிறார்கள், ஓசூர்ப் பக்கம் மைசூருக்குப் போகுமா மெட்ராஸோடு நிற்குமா என்று. கௌஸ் பாஷா அந்துருண்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "எங்க ஊட்டுல தமிழு, கடையில கன்னடம், உங்க சென்னப்பன் வந்தாருன்னா தெலுங்கு. என்னை எந்தப் பெட்டியில குத்தறதுன்னு அந்தத் தும்பிக்காரரைத்தான் கேக்கணும்" என்றார். "என் கடையில அந்துருண்டை வாங்கறவரு அவரு ஒருத்தருதான் தாயி. எப்படி இருக்காரு அண்ணன்?"

"முதுகு பரவாயில்லைங்க பாய்" என்றாள் முனிலட்சுமி.

நோயாளியைப் பின்கட்டில், மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறைக்கு மாற்றினாள். அங்கே ஜன்னல் இருந்தது, சாந்தம்மாவுக்கு வாசனையும் போகாது. பெட்டிகளை இறக்கித் துடைத்து, கால் வைத்த பலகைமேல் அடுக்கி, பலகையின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். அந்துருண்டையைத் துணியில் கட்டி மூலைக்கு ஒன்றாகப் போட்டாள். திம்மராயன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் அவர் கத்தவில்லை. கேழ்வரகுக் கஞ்சியைக் கடைசி மடக்குவரை குடித்தார்.

வீடு மூச்சு விட்டது. முனிலட்சுமிக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையில்தான் அடுத்த காரியத்தைச் செய்தாள்.

ஒரு பெட்டியில், ஏரியில் பிடித்து இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த தும்பிகள் எறும்புக்குத் தப்பியிருந்தன. அதோடு மூன்று காலிப் பெட்டிகளையும் எடுத்து, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, மடிமேல் பலகை போட்டுப் பரப்பினாள். இடது கைக்கு ஒரு வேலை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் பொத்தான், சோழி என்று கொடுத்துப் பிரிக்கச் சொல்வார்கள். கைக்கும் நல்லது, மூளை எவ்வளவு நிற்கிறது என்றும் தெரியும்.

திம்மராயன் முகம் மாறியது. ஊசியின் தலையை இடது கை இரண்டு விரலால் பிடித்து எடுத்தார். முதலில் குச்சிபோல் மெலிந்த ஊசித்தும்பிகளைப் பொறுக்கி ஒரு பெட்டியில் குத்தினார். முனிலட்சுமி தலையாட்டிக்கொண்டாள். சரிதான், மெலிந்தது வேறு, பருத்தது வேறு.

அதன்பின் ஒரு சிவப்புத் தும்பியை எடுத்தார். மிளகாய்ப்பழம் போன்ற சிவப்பு. அதை இரண்டாவது பெட்டியில் குத்தினார். அடுத்து ஒரு பொன்னிறத் தும்பி, வைக்கோல் நிறம், முதுகில் கறுப்புக்கோடு. அதையும் சிவப்புக்குப் பக்கத்திலேயே குத்தினார். முனிலட்சுமி காத்திருந்தாள். அடுத்த சிவப்பு, அடுத்த பொன், எல்லாம் ஒரே இடத்தில் கலந்து போயின. கடைசியில் கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய தும்பிகள் சில இருந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றுதான் அவளுக்குப் பட்டது. அவற்றில் சிலதை இரண்டாவது பெட்டியின் ஓரத்திலும் சிலதை மூன்றாவதிலுமாகப் பிரித்துப் போட்டார்.

கலைத்துவிட்டு மறுநாள் திரும்பக் கொடுத்தாள். திரும்பவும் அதே கலப்படம்.

அன்று மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சென்னப்பன் கேட்டார். "நர்சம்மா, உள்ளதைச் சொல்லும்மா. ஒளிக்காதே."

"கத்தறது நின்னுடுச்சுங்க. ஆனா புத்தி கலங்கித்தான் இருக்குதுங்க" என்றாள் முனிலட்சுமி. "செவப்பையும் மஞ்சளையும் ஒண்ணாப் போடறாரு. ஒரே மாதிரி இருக்கறதைப் போயிப் பிரிக்கறாரு. சோழி கொடுத்தா சின்னப்புள்ளகூடச் சரியாப் பிரிக்கும். முப்பது வருஷம் செஞ்ச வேலை அது, அதுவே போயிடுச்சுங்க."

சென்னப்பன் வைக்கோலைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு நேராக அண்ணன் அறைக்குப் போனார். தெருவுக்கே கேட்கிற குரலில், "அண்ணா, திங்கக்கெழமை பெங்களூரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றார்.

"ஆகட்டும்."

"பாத்தீங்களா அண்ணி, அவரே ஒத்துக்கிட்டாரு" என்று வெங்கடம்மாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கடம்மாள் மூட்டை கட்டப் போனாள். கொழுந்தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் என்ன பேசுவாள். கேழ்வரகு மாவும் புளியும் மிளகாயும் தனித்தனியாகக் கட்டி, கணவனின் இரண்டு வேட்டியோடு ஒரு மூட்டையாக வைத்தாள். கூட யார் போய் இருப்பது, இருக்கவிடுவார்களா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

முனிலட்சுமிக்கு அந்த மூட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் கண்டதைச் சொல்லியாயிற்று, பொய் சொல்லி ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆபத்தில் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோயாளியின் விரிப்புகளை வாரி எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

மழை விட்டு வெயில் அடித்திருந்தது. கோரைப்புல் முழுக்கத் தும்பி. அலசிய விரிப்பைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கோரைத் தண்டில் இரண்டு தும்பிகள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மேலே சிவப்பு. அதன் வால் நுனி கீழே இருந்ததன் கழுத்தை இடுக்கிபோலப் பிடித்திருந்தது. கீழே இருந்தது உடம்பை வளைத்துத் தன் வாலை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம்போல இருந்தன. கீழே இருந்ததன் நிறம் பொன்.

பிரசவ வார்டில் வேலை பார்த்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வளையம் பிரிந்தது. பொன்னிறத் தும்பி தண்ணீர்மேல் தாழப் பறந்து, வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. முட்டையிடுகிறது. சிவப்பு அதற்கு மேலேயே சுற்றிக்கொண்டு, பக்கத்தில் வந்த இன்னொரு சிவப்பை விரட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற சில புருஷன்மார்களும் இப்படித்தான், ஒரு காரியமும் ஆகாது, யாரையாவது முறைத்துக்கொண்டே இருப்பார்கள்.

"அட மடச்சி" என்று முனிலட்சுமி தன்னையே திட்டிக்கொண்டாள். "அது ஆம்பளை, இது பொம்பளை. ரெண்டும் ஒரே சாதி. அவரு சரியாத்தான் போட்டிருக்காரு."

விரிப்பைப் புதர்மேல் எறிந்துவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். சிவப்பும் பொன்னும் தெளிந்துவிட்டது. ஆனால் அந்தக் கறுப்புமஞ்சள்? அதில் கலக்கம் இருந்தால் இருக்கிறதுதானே?

அறைக்குள் வந்து மூன்றாவது பெட்டியிலிருந்து ஒன்றையும் இரண்டாவதிலிருந்து ஒன்றையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டை ஒன்றுதான். றெக்கை ஒன்றுதான். திம்மராயன் இடது கையைக் கொண்டுவந்து ஒரு தும்பியின் தலையைச் சுண்டு விரலால் காட்டினார். "ஆகட்டும்" என்றார், மெதுவாக.

அப்போதுதான் பார்த்தாள். ஒன்றின் இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன. மற்றதில் இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. மீதி எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் இருந்ததெல்லாம் கண் விலகியது. இரண்டாவதன் ஓரத்தில் இருந்ததெல்லாம் கண் ஒட்டியது. ஒன்றுகூட மாறவில்லை.

வாசற்படியில் நின்றிருந்த வெங்கடம்மாள், "கண்ணைப் பாக்கறியா?" என்றாள். "அவரும் அப்படித்தான் பாப்பாரு. உக்காந்தா றெக்கையை விரிக்குதா மடிக்குதான்னு மொதல்ல. அப்புறம் கண்ணு. நெறத்தைக் கடைசியிலதான் பாப்பாரு. வயசாச்சுன்னா நெறம் மாறிடும், செத்தா வெளுத்துடும், அதை நம்ப முடியாதுன்னு சொல்லுவாரு."

"இதை ஏன் அக்கா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீ எங்கிட்டக் கேட்டியா? சென்னப்பன்கிட்டப் போயிச் சொன்ன." வெங்கடம்மாள் குரலில் கோபம் இல்லை. "அவரு எதையோ மாத்திப் போடறாருன்னு நீ மாட்டுக்கொட்டாயில சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? புத்தி போச்சுன்னுதான் கொழுந்தன் வந்து சொன்னாரு. படிச்சவ சொல்றா, இருக்கும்னு நெனச்சேன்."

முனிலட்சுமி தும்பிகளைத் திரும்ப அதனதன் பெட்டியில் குத்தினாள். புது வார்டுக்குப் போனால் முதலில் நோயாளியோடு இருக்கிற ஆளைக் கேள் என்று பெரிய நர்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம் அது. சம்பளம் கொடுக்கிறவரிடம் போய்ப் பேசிவிட்டு, பக்கத்தில் இருந்தவளைக் கேட்காமல் விட்டிருந்தாள்.

சென்னப்பன் களத்தில் இருந்தார். அவளுடைய பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு, "முந்தாநேத்து ஒண்ணு சொன்ன, இன்னிக்கு ஒண்ணு சொல்ற" என்றார். "எந்தப் பேச்சை நான் நம்பறது?"

"எதையும் நம்பாதீங்க. ஏரிக்கு வந்து கண்ணால பாருங்க."

"இத்தனை வேலையை விட்டுட்டுத் தும்பி சோடி சேர்றதைப் பாக்க வரணுமா நான்? ஊரு என்ன சொல்லும்?"

"உங்க அண்ணனைச் சொன்னதைத்தான் சொல்லும். வாங்க."

திட்டிக்கொண்டே வந்தார். கரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். மாடு வளர்க்கிறவர், பார்த்ததுமே புரிந்தது. "காளை கறுப்பா இருக்குது, பசு வெள்ளையா இருக்குது, அதுக்காக ரெண்டையும் வேற சாதின்னா சொல்லுவோம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் எழுந்தபோது, "இது சரி. அவரு தெரிஞ்சு போடறாரா, குருட்டாம்போக்குல விழுதான்னு எப்படிச் சொல்லுவ?" என்றார்.

"நீங்களே சோதிச்சுக்குங்க."

சென்னப்பன் சோதித்தார், தன் வழியில். அண்ணன் தூங்கும்போது பெட்டிகளைக் கொட்டகைக்கு எடுத்துப்போய், இரண்டாவது பெட்டித் தும்பிகளின் ஊசியில் கீழே, பிடித்த தேதி எழுதிச் செருகியிருந்த சின்னச் சீட்டின் அடிப்புறத்தில் மட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டு வைத்தார். சந்தையில் மாட்டுக்கு அடையாளம் வைப்பதுபோல. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மேலிருந்து பார்த்தால் பொட்டு தெரியாதபடி ஒரே பெட்டியில் குத்தினார். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் முன்னால் வைத்தார். முனிலட்சுமியையும் வெங்கடம்மாளையும் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். "யாரும் கண்ணைக் காட்டக்கூடாது" என்றார்.

திம்மராயன் வேலையை ஆரம்பித்தார். நிதானமாகத்தான் செய்தார். ஒவ்வொன்றையும் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு ஊசி விரலிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. முனிலட்சுமி நகரவில்லை. அவரே துழாவி எடுத்தார். சென்னப்பன் துண்டின் முனையை முறுக்கிக்கொண்டே இருந்தார். முறுக்கி முறுக்கி அது கயிறாகவே ஆகிவிட்டது.

முடிந்ததும் சென்னப்பன் இரண்டாவது பெட்டியை எடுத்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பினார். பொட்டு, பொட்டு, பொட்டு. மூன்றாவது பெட்டியின் சீட்டுகளைத் திருப்பினார். பொட்டு இல்லை, இல்லை. ஒன்றில் இருந்தது.

"இந்தா! இது இங்க வந்துடுச்சு!"

முனிலட்சுமி சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "நீங்க சந்தையில ஒரு மாட்டைக்கூட மாத்திச் சொன்னதில்லையா அண்ணே?" என்றாள்.

அதற்குள் திம்மராயன் இடது கையை நீட்டினார். தம்பி கையிலிருந்து அந்தத் தும்பியை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். உச்சுக்கொட்டினார். அதைக் கொண்டுபோய் இரண்டாவது பெட்டியின் ஓரத்தில் அதன் இடத்தில் குத்தினார். பிறகு சீட்டைத் திருப்பினார், சுண்ணாம்பைக் கண்டார். இன்னொன்றைத் திருப்பினார், அதிலும் சுண்ணாம்பு. தம்பியை ஒரு முறை முறைத்தார் பாருங்கள், ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தார்.

சென்னப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். முறுக்கின துண்டாலேயே முகத்தைத் துடைத்தார். "சின்ன வயசுல அவரு கோலிக்குண்டை நான் தொட்டா இப்படித்தான் மொறைப்பாரு" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முனிலட்சுமி பார்க்கவில்லை. பலகைமேல் உதிர்ந்த சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடம்மாள்தான் பேசினாள். "கட்டினவளை விட்டுட்டு முப்பது வருஷம் அதைப் பாத்த மனுசன். என்னை மறந்தாலும் மறப்பாரு, அதை மறப்பாரா? உங்களுக்கெல்லாம் இது புதுசு."

ஆனாலும் சென்னப்பனுக்கு ஒரு முள் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து, "அவரு வாயால ஒத்துக்கிட்டாரே, நர்சம்மா. நெஜமாவே போகணும்னு ஆசையோ என்னவோ" என்றார்.

முனிலட்சுமி யோசித்தாள். அவர் வாயை நம்ப முடியாது, தலையாட்டலையும் நம்ப முடியாது. நம்ப முடிந்தது அந்த இடது கை ஒன்றைத்தான். இரண்டு பெட்டிகளைப் பலகைமேல் வைத்தாள். சிவப்பும் பொன்னும் இருந்த பெட்டியைத் தட்டி, "இது ஆமாங்க" என்றாள். கண் விலகிய தும்பிகள் இருந்த பெட்டியைத் தட்டி, "இது இல்லைங்க" என்றாள். பலமுறை சொன்னாள். முதலில் உப்புச்சப்பில்லாத கேள்விகளைக் கேட்டாள். உங்க பேரு திம்மராயன்தானுங்களா? கை சிவப்புப் பெட்டிக்குப் போனது. உங்க பேரு கௌஸ் பாஷாவுங்களா? கை மற்றதற்குப் போனது. இவங்க உங்க சம்சாரமா? கை சிவப்புப் பெட்டிக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

தெருக்கோடியில் ஓசூர் பஸ் ஹாரன் அடித்தது. சென்னப்பன் குனிந்து, இந்த முறை தெருவுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "அண்ணா, பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஆகட்டும்" என்றது வாய். கை கண் விலகிய பெட்டியின்மேல் பொத்தென்று விழுந்தது. அதில் ஒரு றெக்கைகூட முறிந்தது.

பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. சென்னப்பன் வாசலில் இருந்த மூட்டையைத் தானே உள்ளே தூக்கிவந்து அவிழ்த்தார். "இந்த மாவுல இன்னிக்குக் களி கிண்டுங்க அண்ணி" என்றார். "அவருக்கு மொதல்ல போடுங்க."

சாந்தம்மாவுக்கு அந்த வாரக் கடைசியில் வலி எடுத்தது. முனிலட்சுமி இருந்ததால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. பெண் குழந்தை, நல்ல எடை, நல்ல தொண்டை. பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டியபோது திம்மராயன் குழந்தையின் இரண்டு கண்ணையும் வெகு நேரம் உற்றுப் பார்த்தார். எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று பார்க்கிறார் என்று வெங்கடம்மாள் சொல்ல, சாந்தம்மாவே சிரித்துவிட்டாள்.

திம்மராயன் அதன்பின் சில வருஷம் இருந்தார். குச்சி ஊன்றிக் கொட்டகைவரை நடந்தார். வலையைச் சென்னப்பன் கையில் கொடுத்து, கரையில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிடிக்கத் தெரியாத தம்பியை இடது கையாலேயே திட்டினார் என்று கௌஸ் பாஷா சொல்லி முனிலட்சுமி பின்னால் கேள்விப்பட்டாள். ஓசூர் மெட்ராஸ் ராஜ்ஜியத்திலேயே நின்றுவிட்டது. கௌஸ் பாஷா மூன்று பாஷையிலும் அந்துருண்டை விற்றுக்கொண்டிருந்தார்.

அதற்கெல்லாம் முன்பே, முதுகுச் சிவப்பு முழுக்க மறைந்து, வெங்கடம்மாளுக்குத் திருப்பிப் போடவும் ஊட்டவும் கை பழகிய பிறகு முனிலட்சுமி தன் துணிப்பையைக் கட்டினாள். போகிற அன்று நோயாளியின் குதிகாலைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். சரியாக இருந்தது.

"நான் போயிட்டு வரட்டுங்களா?"

"ஆகட்டும்" என்றார் திம்மராயன். கை 'இல்லை' பெட்டியின்மேல் இருந்தது.

"அதுக்கெல்லாம் பஸ்ஸு நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முதுகுத் தலையணையை ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டு அவள் கிளம்பினாள்.